சிறு பெட்டியும் பெரு முழக்கமும்

கச்சேரி மண்டபத்திலே முன்வரிசையில் இருந்து மிருதங்கம் கேட்டவர்கள், அதன் வலந்தலையின் கணீரென்ற நாதத்தை எவ்வளவு விரும்புகின்றார்களோ, அவ்வளவுக்குத் தொப்பிப் பக்கத்தில் எழும் கனத்த ஓசையையும் விரும்புவர். அவ்வோசை இல்லையேல் தாளத்துக்கு நிலம் இல்லை. பாட்டு அந்தரத்தில் தொங்குவது போலத் தோன்றும். இக்கனத்த ஓசையையே மந்தர ஒலி என்று கூறுகின்றோம்.

இன்று நம்மவருட் பலர் இசை கேட்பது மண்டபத்திலுமன்று, வீட்டுக் கூடத்திலுமன்று. காலையும் மாலையும் வீதி நெரிசலில் ஊர்ந்து செல்லும் மோட்டார்க் காரினுள்ளேயாம். அமெரிக்காவில் கல்வின் சகோதரர் 1930ஆம் ஆண்டிலே மோட்டோரோலா என்னும் பெயரில் கார் வானொலியை விற்பனைக்குக் கொணர்ந்த காலத்தில், ஓடும் வண்டியிற் குரல் கேட்டதே அதிசயமாக இருந்தது. இன்றோ குரல் கேட்டாற் போதாது. தவிலின் முழக்கமும் கித்தாரின் அடித்தந்தியும் நெஞ்சிலே தட்ட வேண்டும் என்று இளைஞர் விரும்புகின்றனர். அதற்கென்றே சப்வூபர் என்னும் மந்தர ஒலிபெருக்கியை வாங்கிக் காரிலே பொருத்துகின்றனர்.

விருப்பம் நியாயமானதே. ஆனால் கார் சிறியது. டிக்கி என்று நாம் வழங்கும் பின்புறப் பொதியறையோ அதனினும் சிறியது. மகன் பெட்டி வைக்க இடம் கேட்கின்றான். தாயார் சந்தைச் சாமான் வைக்க இடம் கேட்கின்றார். தந்தையார் மேலதிகச் சில்லை எடுக்க வழி வேண்டும் என்கின்றார். மூவர் கேட்பதும் சரிதான். இவ்வழக்கைத் தீர்க்கக் கூடியவர் யார்? கடைக்காரர் அல்லர், காற்றே இதற்கு நீதிபதி. காற்றின் நியாயத்தை அறிந்து கொண்டவர்கள் சிறிய இடத்திலும் செம்மையான மந்தர ஒலியைப் பெறலாம். அறியாதவர்கள் பெரிய பணத்தைச் செலவிட்டும் வெறும் இரைச்சலையே பெறுவர்.

மந்தர ஒலிக்கு ஏன் இத்தனை இடம்?

ஒரு செக்கனில் நிகழும் அதிர்வுகளின் தொகையை மீடிறன் என்றும், அதன் அலகை ஹேர்ட்ஸ் என்றும் மாணவர் படித்திருப்பர். மனிதச் செவி ஏறத்தாழ 20 ஹேர்ட்ஸ் தொடக்கம் 20,000 ஹேர்ட்ஸ் வரை கேட்க வல்லது. மேற்கத்திய பேஸ் கித்தாரின் மிகத் தாழ்ந்த தந்தி ஏறக்குறைய 41 ஹேர்ட்ஸில் அதிர்கின்றது. பியானோவின் கடைசிக் கட்டை 27.5 ஹேர்ட்ஸில் அதிர்கின்றது. ஒலி காற்றிலே செக்கனுக்குச் சுமார் 345 மீற்றர் செல்வதாகக் கொண்டால், 40 ஹேர்ட்ஸ் ஒலியின் ஓர் அலையின் நீளம் 8 மீற்றருக்கும் அதிகமாகும். அதாவது, ஒரே ஓர் அலை இரண்டு கார்களின் நீளத்தை எட்டிப் பிடிக்கின்றது.

இத்தகைய நெடிய அலையை எழுப்புவதற்கு மிகுதியான காற்றைத் தள்ள வேண்டும். ஒலி ஒரு ஸ்தாயி கீழே இறங்கினால், அதே உரப்பைப் பெறுவதற்கு நான்கு மடங்கு காற்றை அசைக்க வேண்டும் என்பது இயற்கை விதி. ஆகவேதான் உயர்ந்த சுருதிக்கு ஒரு ரூபாய் நாணயம் அளவிலான ஒலிபெருக்கி போதுமாயிருக்க, மந்தரத்துக்குச் சோற்றுக் கோப்பை அளவிலான கூம்பு வேண்டியிருக்கின்றது.

கூம்பு மாத்திரம் இருந்தாற் போதுமா எனின், போதாது. 1925ஆம் ஆண்டிலே ஜெனரல் எலெக்ட்ரிக் நிறுவனத்தைச் சேர்ந்த ரைஸ், கெலொக் என்னும் இருவர் இன்று நாம் பயன்படுத்தும் வகையான அசையும் சுருள் ஒலிபெருக்கிக்கு உருக்கொடுத்தனர். அக்கூம்பு முன்னே செல்லும்போது முன்பக்கக் காற்று நெருக்கப்படுகின்றது. அதே வேளையில் பின்பக்கக் காற்று ஐதாகின்றது. இரண்டும் விளிம்பைச் சுற்றி ஒன்றையொன்று சந்தித்தால், முன்னது பின்னதை நிரப்ப, ஒலி மாய்ந்துவிடும். பெட்டியில்லாத ஒலிபெருக்கியைக் கையிற் பிடித்து இயக்கிப் பாருங்கள். நுளம்பின் குரலாக ஒலிக்கும். ஆதலால் பின்பக்க ஒலியை அடைத்து வைக்கவே பெட்டி வேண்டும்.

இங்கேதான் சிக்கல் தொடங்குகின்றது. பெட்டியில் அடைபட்ட காற்று சும்மா இருப்பதில்லை. அது ஒரு சுருள்வில்லாக நின்று கூம்பைத் திருப்பித் தள்ளுகின்றது. பெட்டி சிறுத்தால் வில் விறைக்கும். வில் விறைத்தால் கூம்பின் இயல்பான அதிர்வு மேலே ஏறும். அது ஏறினால் மந்தரம் குறைந்துவிடும்.

மூன்றில் இரண்டு

அமெரிக்காவில் 1957ஆம் ஆண்டிலே ஒலிபெருக்கி செய்யும் நிறுவனம் ஒன்றைத் தொடங்கிய மூவருள் ஒருவர் அன்ரன் ஹொஃப்மன். புகழ்பெற்ற பியானோக் கலைஞர் ஜோசப் ஹொஃப்மனின் மைந்தர் அவர். இத்துறையார் இன்றும் அவர் பெயராலேயே ஒரு விதியைச் சொல்கின்றனர். சிறிய பெட்டி, ஆழ்ந்த மந்தரம், குறைந்த மின்வலுவில் நிறைந்த ஒலி ஆகிய மூன்றையும் ஒருங்கே பெற முடியாது. இரண்டைத் தெரிந்தெடுத்தால் மூன்றாவதைக் கைவிட வேண்டும் என்பதே அது.

நம்முடைய மிருதங்க வித்துவான் இவ்விதியின் ஒரு பாதியை எப்போதோ அறிந்திருந்தார். கச்சேரி தொடங்குமுன் அவர் தொப்பியில் ரவையைப் பிசைந்து ஒட்டுவதைப் பார்த்திருப்பீர்கள். தோலின் பாரம் கூடினால் அதன் சுருதி இறங்கும். சிறிய பெட்டிக்கென்று செய்யப்படும் சப்வூபர்களிலும் இதே உபாயமே கையாளப்படுகின்றது. கூம்பைப் பாரமாக்கி அதன் சுருதியை இறக்குகின்றனர். ஆனால் பாரமான கூம்பை அசைக்கக் கூடிய மின்வலு வேண்டும். சிறுமையையும் ஆழத்தையும் தெரிந்தெடுத்தவர் மின்வலுவால் விலை கொடுக்கின்றார்.

இவ்வழியை உலகுக்குக் காட்டியவர் எட்கார் வில்ச்சர் என்பவர். அவர் 1954ஆம் ஆண்டிலே, கூம்பைத் தாங்கும் விளிம்பை மிகத் தளர்வாக்கி, காற்றுப் புகாத சிறு பெட்டியினுள் அடைபட்ட காற்றையே வில்லாகப் பயன்படுத்தினார். அதுவரை அலுமாரி போன்ற பெட்டிகள் தந்த மந்தரத்தைப் புத்தகத் தட்டில் வைக்கத்தக்க பெட்டி தரலாயிற்று. பின்னர் அவுஸ்திரேலியரான நெவில் தீல் 1961ஆம் ஆண்டு வெளியிட்ட கட்டுரையும், அதனைத் தொடர்ந்து 1970களில் ரிச்சர்ட் ஸ்மோல் வெளியிட்ட கட்டுரைகளும், பெட்டியின் அளவைக் கைமதிப்பால் அன்றிக் கணக்கால் தீர்மானிக்க வழி செய்தன. இன்று எந்தச் சப்வூபரை வாங்கினாலும் அதனுடன் வரும் தாளில் இவ்விருவர் பெயரால் வழங்கும் எண்கள் அச்சிடப்பட்டிருக்கும். அத்தாளை வீசிவிடாதீர்கள், சப்வூபருக்கு அடுத்தபடியாக அப்பெட்டிக்குள் இருக்கும் விலையுயர்ந்த பொருள் அதுவேயாகும்.

காரே தரும் கொடை

சிறிய இடம் ஒரு குறை என்றே இதுவரை பேசினோம். ஆனால் அதே சிறிய இடம் ஒரு கொடையையும் தருகின்றது. இதனை அறியாதவரே பலர்.

ஒலியலையின் அரைப்பங்கு நீளம் அறையின் நீளத்தை விடக் கூடும்போது, அலை அங்கே உலாவ இடமின்றி, அறைக் காற்று முழுவதையும் ஒருசேர நெருக்கியும் தளர்த்தியும் அமுக்கமாக மாறுகின்றது. காரின் உட்புறம் 2.5 மீற்றர் நீளம் எனக் கொண்டால், ஏறத்தாழ 70 ஹேர்ட்ஸுக்குக் கீழே இது நிகழத் தொடங்கும். அதன்பின் ஒலி ஒரு ஸ்தாயி இறங்குந்தோறும் கார் தானாகவே 12 டெசிபெல் வரை கூட்டிக் கொடுக்கக் கூடும். கதவுகளின் இடுக்கும் தகரத்தின் நெகிழ்வும் இதிற் சிறிது திருடிக் கொள்ளும். ஆயினும் எஞ்சுவது அதிகமே. வீட்டுக் கூடத்தில் மெலிந்து ஒலிக்கும் ஒரு சிறு சப்வூபர் காருக்குள் கம்பீரமாக ஒலிப்பதன் இரகசியம் இதுவே.

இனி ஒரு பொருத்தத்தைப் பாருங்கள். காற்றுப் புகாதபடி மூடப்பட்ட பெட்டி, தன் இயல்பான அதிர்வுக்குக் கீழே, ஒரு ஸ்தாயிக்கு 12 டெசிபெல் வீதம் மெலிந்து செல்கின்றது. கார் ஏறத்தாழ அதே வீதத்தில் கூட்டித் தருகின்றது. பெட்டி எடுப்பதைக் கார் கொடுக்கின்றது. குழாய் வைத்த பெட்டியோ, குழாயின் சுருதிக்குக் கீழே 24 டெசிபெல் வீதம் வீழ்கின்றது. தன் சுருதியை அண்டிய இடத்தில் அது மூடிய பெட்டியை விட உரத்து ஒலிக்கும் என்பது மெய்யே. ஆனால் அதற்குப் பெரிய பெட்டி வேண்டும். அச்சுருதிக்குக் கீழே கூம்பைத் தாங்கிப் பிடிக்கக் காற்றுவில் இல்லாமையால், பேரொலியில் கூம்பு கிழிபடும் அபாயமும் உண்டு. ஆகவே இடம் குறைந்த காருக்கு மூடிய பெட்டியே ஏற்றது என்பது எமது துணிபு.

ஒன்றை மறவாதீர்கள். கண்ணாடிகளை இறக்கிவிட்டால் அறை அறையாக இராது. கார் தந்த கொடையும் காற்றோடு போய்விடும். நல்ல மந்தரம் வேண்டுவோர் கண்ணாடிகளை ஏற்றிவிட்டே கேட்டல் வேண்டும்.

கணக்குப் போட்டுப் பெட்டி செய்க

கணக்கு என்றதும் அஞ்ச வேண்டாம். வர்க்கமூலம் காணத் தெரிந்த மாணவன் எவனும் செய்து விடலாம். ஒரு சப்வூபரின் இயல்பான மீடிறன் 30 ஹேர்ட்ஸ் எனவும், அதன் தாங்கியின் நெகிழ்வுக்குச் சமமான காற்றின் கனவளவு 30 லீற்றர் எனவும் தாளிற் கண்டிருப்பதாக வைத்துக் கொள்வோம். அதனை 15 லீற்றர்ப் பெட்டியில் அடைத்தால், 30ஐ 15ஆல் வகுத்து வரும் 2உடன் 1ஐக் கூட்டி, 3இன் வர்க்கமூலத்தை எடுத்து 30ஆற் பெருக்குக. விடை ஏறத்தாழ 52 ஹேர்ட்ஸ். அதே சப்வூபரை 10 லீற்றரில் அடைத்தால் விடை 60 ஹேர்ட்ஸ். ஐந்து லீற்றர் மிச்சம் பிடித்தமைக்கு எட்டு ஹேர்ட்ஸ் விலை கொடுத்தோம். கார் தரும் கொடையை நினைத்தால் இது தாளக் கூடிய விலையே.

தாளிலே மற்றுமோர் எண் உண்டு. கூம்பு அதிர்ந்தபின் எவ்வளவு விரைவில் அடங்கும் என்பதைக் காட்டுவது அது. அதனையும் அதே வர்க்கமூலத்தாற் பெருக்குக. விடை 0.7ஐ அண்டியிருப்பின் ஒலி சமனாகவும் தெளிவாகவும் இருக்கும். 1ஐத் தாண்டினால் மந்தரம் வீங்கி, தாளத்தின் ஒவ்வோர் அடியும் மற்றதோடு ஒட்டிக்கொள்ளும். நம் உதாரணத்தில் அவ்வெண் 0.41 ஆயின், 15 லீற்றரில் 0.71 கிடைக்கும், 10 லீற்றரில் 0.82 கிடைக்கும். இரண்டும் நன்றே.

ஓடாவியாரிடம் அளவு கொடுக்கும்போது பலர் தவறுவது இன்னோர் இடத்தில். வெளியளவு 40, 35, 20 சென்ரிமீற்றர் கொண்ட பெட்டி 28 லீற்றர் எனக் கணக்கிடுவர். ஆனால் பலகையின் தடிப்பு 18 மில்லிமீற்றர். ஒவ்வொரு பக்கத்திலும் இரு பலகைகளைக் கழித்தால், உள்ளே 36.4, 31.4, 16.4 சென்ரிமீற்றரே எஞ்சும். கனவளவு 18.7 லீற்றர். மூன்றில் ஒரு பங்கு பலகைக்கே போயிற்று! அதிலிருந்து சப்வூபரின் காந்தமும் சட்டமும் அடைக்கும் இடத்தையும் கழிக்க வேண்டும். உள்ளளவை வைத்தே கணக்கிடுக.

காரில் எங்கே இடம்?

சிறிய காரிலும் தேடுவோர்க்கு இடம் உண்டு. முன் இருக்கையின் கீழே வைக்கத்தக்கதாக, பெருக்கியையும் தன்னுள்ளே கொண்ட தட்டையான சப்வூபர்கள் கிடைக்கின்றன. இவை நெஞ்சைக் குலுக்கமாட்டா. ஆயினும் பாட்டுக்கு நிலம் தந்துவிடும். குடும்பத்துக்கு இவை நல்ல சமாதானம். மேலதிகச் சில்லின் நடுக்குழியில் அமரத்தக்க வட்டப் பெட்டிகளும் உண்டு. சில்லைத் தூக்கி எறிந்துவிட்டு அவ்விடத்தைப் பிடிக்க வேண்டாம். நள்ளிரவில் வவுனியாவுக்கும் கிளிநொச்சிக்கும் இடையில் ரயர் காற்றுப் போனால் சப்வூபரைப் பூட்டி ஓட்ட முடியாது.

டிக்கியின் பக்கச் சுவரில், சில்லு மூடிக்குப் பின்னே உள்ள மூலையிலே, அதன் வளைவுக்கேற்ப நார்க்கண்ணாடியால் வார்த்த பெட்டியை ஒட்டி அமைத்தால், நடுவிடம் முழுவதும் சாமானுக்கே எஞ்சும். தளத்தின் மேல் தாழ்ந்த பெட்டியொன்றை அமைத்து, பொய்த்தளம் இட்டு மூடுவாரும் உளர். இதற்கென்றே ஆழம் குறைந்த சப்வூபர்கள் விற்கப்படுகின்றன. இரண்டு சப்வூபர்களை முகத்தோடு முகம் பூட்டி, ஒன்றாக அசையச் செய்து, பெட்டியின் அளவைப் பாதியாக்கும் முறையும் உண்டு. ஆனால் செலவு இரட்டிக்கும்.

இடம் தேடும்போது சில எச்சரிக்கைகள் உள. நம் நாட்டில் மின்கலமும் எரிபொருளும் சேர்ந்தோடும் கலப்பினக் கார்கள் பல ஓடுகின்றன. அவற்றுட் பலவற்றில், பின் இருக்கையை அண்டி, பெரிய பற்றரிக்குக் குளிர்காற்று செல்லும் துவாரம் இருக்கும். அதனைப் பெட்டியால் அடைத்தால் பற்றரி சூடேறிக் கெடும். செம்மஞ்சள் நிற உறை போர்த்த வயர்கள் உயர் அழுத்த மின் செல்வன. அவற்றைத் தொடவே கூடாது. முன் இருக்கையின் கீழே பாதுகாப்புக் காற்றுப்பைக்குரிய வயர்கள் இருக்கலாம், அவற்றையும் அசைக்கலாகாது. தளத்தைத் துளைக்குமுன் அதன் கீழே எரிபொருள் தாங்கியோ குழாயோ உண்டா என்று குனிந்து பாருங்கள்.

பெட்டியை இறுகப் பூட்டுவது இவையெல்லாவற்றிலும் முதன்மையானது. பதினைந்து கிலோவுக்கு மேற்பட்ட பெட்டி சும்மா வைக்கப்பட்டிருந்தால், மோதலின்போது அது பின் இருக்கையிலிருக்கும் பிள்ளைகளின் முதுகிலே பாயும். கொக்கியாலன்று, மரையாணியால் வண்டியின் உடலோடு பிணைத்தல் வேண்டும்.

சிறு வேலைகள், பெரும் பயன்

பெட்டியின் மூட்டுகள் எல்லாவற்றையும் பசையும் சிலிக்கனும் இட்டு அடைக்க வேண்டும். வயர் வெளிவரும் துளையிற் காற்றுக் கசிந்தாலும் மூடிய பெட்டி மூடிய பெட்டியாகாது. அகன்ற பலகைகளின் நடுவே குறுக்குச் சட்டம் கொடுத்தால் பலகை தானே பாடுவது நிற்கும். உள்ளே பொலியெஸ்தர்ப் பஞ்சைத் தளர்வாக நிரப்புக. பஞ்சு, நெருங்கும் காற்றின் வெப்பத்தை வாங்கிக் கொள்வதால், காற்றுவில் மென்மையாகி, பெட்டி பெரிதானது போல நடக்கின்றது. கொள்கையளவில் நூற்றுக்கு நாற்பது வரை. நடைமுறையில் அதிற் பாதி கிடைத்தாலும் இலாபமே. இறுக்கித் திணித்தால் பயன் கெடும்.

சப்வூபருக்குச் செல்லும் ஒலியை 80 ஹேர்ட்ஸ் அளவில் வெட்டிவிடுக. அதற்குக் கீழுள்ள ஒலி எத்திசையிலிருந்து வருகின்றது என்பதைச் செவி எளிதில் அறியாது. ஆதலால் பெட்டி பின்னே இருந்தாலும் பாட்டு முன்னே ஒலிப்பதாகவே தோன்றும். பெட்டியை முதலிற் பின்கதவை நோக்கியும், பின்னர் மேல்நோக்கியும் வைத்து, சாரதி ஆசனத்தில் இருந்து கேட்டுப் பாருங்கள். சில சென்ரிமீற்றர் நகர்த்தினாலும் வேறுபாடு தெரியும்.

செலவே இல்லாத இன்னொரு சோதனை உண்டு. சப்வூபருக்குச் செல்லும் இரு வயர்களையும் இடம் மாற்றிப் பூட்டி, அதே பாட்டை மீண்டும் கேளுங்கள். முன்னுள்ள ஒலிபெருக்கிகளும் சப்வூபரும் ஒன்றாகத் தள்ளினால் ஒலி கூடும்; ஒன்று தள்ள மற்றது இழுத்தால் ஒலி மாயும். எது நிறைவாக ஒலிக்கின்றதோ அதுவே சரி. புதிய பெருக்கி வாங்கப் புறப்பட்ட பலருக்கு வேண்டியிருந்தது இந்த ஒரு நிமிட வேலையே.

கடைசியாக, இலக்கத்தகடு, டிக்கி மூடி, பின்தட்டு ஆகியவை அதிர்ந்து சடசடக்கின்றனவா என்று பாருங்கள். தளர்ந்த ஆணியை முறுக்கி, இடையே இறப்பர்த் துண்டு வைத்தாற் போதும். மந்தரத்தைக் கெடுப்பது பல வேளைகளிற் சப்வூபர் அன்று. ஐந்து சதம் பெறாத இச்சடசடப்பே.

வாற்று என்னும் மயக்கம்

கடைகளிலே ஆயிரம் வாற்று, இரண்டாயிரம் வாற்று என்று அட்டைகளிற் பெரிதாக அச்சிட்டிருப்பதைக் காண்கின்றோம். மின்வலுவை இரட்டித்தால் ஒலி 3 டெசிபெல் மட்டுமே கூடும். அது செவிக்குச் சிறு வேறுபாடே. ஒலி இருமடங்கு உரத்ததாகத் தோன்றப் பத்து மடங்கு வலு வேண்டும். ஆகவே இருநூறு வாற்றுக்குப் பதில் நானூறு வாற்று வாங்குவதிலும், பெட்டியின் கசிவை அடைப்பது மேல். அட்டையில் உச்சவலுவைப் பாராது, தொடர்ந்து தாங்கும் வலு எவ்வளவென்று கேட்டு வாங்குக.

பெருக்கிக்குரிய தடித்த வயரைப் பற்றரியிலிருந்து நேரே கொணர்ந்து, பற்றரியிலிருந்து ஒன்றரை அடிக்குள்ளாகவே பியூஸ் ஒன்றை வைத்தல் வேண்டும். அந்தப் பியூஸ் பெருக்கியைக் காப்பதற்கன்று; வயர் தேய்ந்து தகரத்திற் பட்டால் வண்டி தீப்பற்றாமற் காப்பதற்காம்.

செவி ஒன்றே

பெற்றோருக்கும் இளைஞருக்கும் ஒரு சொல். 85 டெசிபெல் ஒலியை நாளொன்றுக்கு எட்டு மணி நேரத்துக்கு மேற் கேட்டலாகாது என்றும், மேலும் 3 டெசிபெல் கூடுந்தோறும் அந்நேரம் பாதியாகும் என்றும் அமெரிக்கத் தொழில் நல ஆராய்ச்சி நிறுவனம் விதந்துரைக்கின்றது. அவ்வாறாயின் 100 டெசிபெல்லுக்குக் கால் மணி நேரமே உரியது. சிறிய காரின் மூடிய அறைக்குள் அவ்வளவை எட்டுவது கடினமன்று. செவியின் உள்ளேயுள்ள நுண்மயிர்க் கலங்கள் ஒருமுறை அழிந்தால் மனிதரில் மீண்டும் முளைப்பதில்லை. மேலும், பின்னே வரும் அம்புலன்ஸின் ஒலியைக் கேளாத சாரதி, தன் இன்பத்துக்குப் பிறர் உயிரை விலையாக்குகின்றான்.

குறைந்த ஒலியிற் கேட்கும்போது செவி மந்தரத்தையே முதலில் இழக்கின்றது என்பதை ஃபிளெச்சர், மன்சன் என்னும் இருவர் 1933ஆம் ஆண்டிலேயே அளந்து காட்டினர். நன்கு அமைந்த சப்வூபரின் உண்மையான பயன் இங்கேதான் விளங்கும். ஒலியைக் கூட்டாமலே பாட்டுக்கு நிறைவைத் தருவதற்கு அது உதவும். அயலவர் வீட்டு யன்னலைக் குலுக்குவதற்கன்று.

ஆதலால், சப்வூபர் வாங்க எண்ணும் இளைஞர் முதலில் ஓர் அளவுகோலையும் தாளையும் பென்சிலையும் எடுத்துக் கொண்டு டிக்கியினுள் இறங்குவாராக. தாயாரின் சாமானுக்கு எவ்வளவு இடம், தந்தையாரின் சில்லுக்கு எவ்வளவு இடம் என்று முதலில் ஒதுக்கிவிட்டு, மிஞ்சிய லீற்றரை எழுதிக் கொள்வாராக. அந்த லீற்றருக்கு ஏற்ற சப்வூபரைத் தேடுவதே முறை. சப்வூபரை வாங்கிவிட்டு இடம் தேடுவதன்று. மிஞ்சியது பதினைந்து லீற்றரேயாயினும் கவலை வேண்டாம். கணக்கும் கைத்திறனும் பொறுமையும் உடையவர்க்கு அதுவே போதும்.